சொந்த ஊர் எது என்று கேட்டேன்

சந்தானம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு கோட்டுத் தைத்துப் போட்டிருந்தார். சாம்பல் நிறத் துணி. கண்டியில் பாதி வக்கீல்களும் கந்தோர்க்காரர்களும் அவர் தைத்த கோட்டோடுதான் திரிந்தார்கள். அவர் மட்டும் அரைக்கைச் சட்டைக்கு மேல் போனதில்லை. ஓட்டர் பட்டியலுக்குப் பெயர் பதிகிற மேசைக்கு முன்னால் வந்து நின்றவர், கீழ்ப் பொத்தானை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

மேசைக்குப் பின்னால் வெள்ளைக்காரத் துரை. அவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரையில் நான். வெளியே மழை. உள்ளே நனைந்த குடைகளின் வாடை.

துரை ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். சந்தானம் பதில் சொன்னார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பதிவுப் புத்தகத்திலும் எழுதினேன். துரை அவருடைய பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். எல்லாம் சேர்த்து ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. சந்தானத்தின் ஓட்டு அந்தக் கோட்டோடு போயிற்று.

அந்தப் பிழை என்னுடையது. இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் மந்திரிமாரையும் மகாராஜாக்களையும் திட்டி எழுதி உங்களிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். இந்த வாரம் திட்டு வாங்க வேண்டியவன் நான்தான்.

அளவு மட்டும் எடுக்கிற கடை

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்துச் சங்கானைக்காரன். நாலு எழுத்து ஆங்கிலம் படித்த குற்றத்துக்காகக் கண்டியில் ஒரு கந்தோரில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்து, வந்த இடத்திலேயே காலத்தைக் கழித்தவன். எந்தக் கந்தோர் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இன்றும் ஆட்கள் வேலை செய்கிறார்கள், அவர்களும் பிழைக்க வேண்டும்.

சந்தானத்தின் தையல் கடை திருகோணமலை வீதியில் இருந்தது. ஒரு மெஷின், ஒரு நீள மேசை, வருகிறவர்களுக்கு இரண்டு கதிரை. கொழும்பிலிருந்து காலை ரயிலில் பத்திரிகை வந்ததும் அவர் காலால் மெஷினை மிதித்தபடியே முதல் பக்கத்தை உரக்க வாசிப்பார். ஊசி ஒரு பக்கம் ஓடும், உலகம் ஒரு பக்கம் ஓடும். தையல் ஒரு நாளும் கோணியதில்லை.

ஒரு கதிரை எனக்கு, மற்றது காசிம் நானாவுக்கு. நானா கண்டியை அடுத்த அக்குறணைக்காரர். பக்கத்தில் புடவைக் கடை வைத்திருந்தார். கண்டியில் பட்டுத் துணியின் குணமும் ஆட்களின் குணமும் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

ஜெனீவாவில் சர்வதேச சங்கம் கூடியது என்று செய்தி வந்தால் சந்தானத்துக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"அது அளவு மட்டும் எடுக்கிற கடைங்க ஐயா. அம்பது தேசத்துக்காரன் வந்து கைய நீட்டிக்கிட்டு நிப்பான். நாடாவப் போட்டு அளந்து புஸ்தகத்துல எழுதிக்குவாங்க. தைக்கிறது மட்டும் கெடையாது."

"அப்ப துணிக்கு என்ன நடக்குது?" என்று நானா கேட்பார்.

"துணிய நாலு பெரிய மனுசன் வீட்டுக்குக் கொண்டு போயிருவான் நானா."

பின்னாளில் அபிசீனியாவின் ராஜா தன் நாட்டை இத்தாலிக்காரனிடம் பறிகொடுத்துவிட்டு, அதே ஜெனீவாவுக்குப் போய் நின்று நியாயம் கேட்டார். அன்றைக்குப் பத்திரிகையை வாசித்து முடித்ததும் சந்தானம் மெஷினை மிதிக்கவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு வாவிக் கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் கேலி செய்தோம். அபிசீனியா எங்கே இருக்கிறது என்று கண்டியில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். ஆனால் மேசைக்கு முன்னால் நின்று நியாயம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவது எப்படி இருக்கும் என்று எங்கள் மூவரில் அவருக்குத்தான் தெரியும். அதை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

மலபார் வீதியும் ஒரு பழைய காகிதமும்

சர்வதேச ஒப்பந்தம் என்றால் ஏதோ ஐரோப்பாவில் நடக்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். கண்டியே ஒரு ஒப்பந்தத்தால் வெள்ளைக்காரன் கைக்குப் போன ஊர்தான். பிரதானிகள் வரிசையாக வந்து கையெழுத்து வைத்தார்கள். சிலர் தமிழ் எழுத்திலேயே வைத்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள். அந்தக் காகிதத்தில், கண்டி ராஜாவின் 'மலபார்', அதாவது தென்னிந்திய, உறவுக்காரர்கள் இனிமேல் இந்தச் சீமைக்குள் காலடி வைக்கக் கூடாது என்று ஒரு வாசகம் உண்டு. ராஜாவை வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய சொந்தக்காரர்கள் குடியிருந்த தெருவுக்கு மட்டும் மலபார் வீதி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆட்களை அனுப்பிவிட்டுப் பெயரை வைத்துக்கொள்வதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

சந்தானம் பிறந்தது அந்த வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். ராஜ வம்சம் ஒன்றுமில்லை. அவருடைய அப்பா முசிறிப் பக்கத்திலிருந்து நடந்தும் படகேறியும் வந்து, ஒரு துரை வீட்டில் துணி தைத்துப் பிழைத்தவர். அந்த ஒப்பந்தக் கதையை நான் சொன்னபோது சந்தானம் கத்தரியைக் கீழே வைத்தார்.

"அப்ப இந்த ஊர்ல மொத மொத கையெழுத்துப் போட்ட காகிதமே நம்மாளுகள வெளிய போகச் சொன்ன காகிதந்தானா? நல்ல ராசிங்க."

ஒரு சொல்லுக்குத் தமிழ்

இலண்டனிலிருந்து ஒரு கமிஷன் கப்பலேறி வந்தது. ஊர் ஊராகப் போய்க் கதிரை போட்டு உட்கார்ந்து எல்லாருடைய முறைப்பாட்டையும் கேட்டது. அதுவரை ஓட்டு என்பது காணி பூமி உள்ளவனுக்கும் படித்தவனுக்கும் மட்டும் உரிய பண்டம். கமிஷன்காரர்கள் ஆண், பெண் எல்லாருக்கும் கொடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

சந்தானத்துக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கல்யாணத்துக்குச் சட்டை தைத்தவனுக்கு அவனுடைய கல்யாணம் நிச்சயமானது போல இருந்தார். கோட்டுத் துணியை எடுத்தது அப்போதுதான்.

ஆனால் எல்லாருக்கும் என்றால் எல்லாருக்குமா? கூச்சல் கிளம்பியது. இந்தியாக்காரனுக்கும் கொடுத்தால் மலைநாடே அவன் கையில் போய்விடும் என்று பெரிய மனிதர்கள் எழுந்து நின்று பேசினார்கள். அவர்களில் இரண்டு பேர் சந்தானத்திடம் அளவு கொடுத்தவர்கள். கடைசியில் சட்டத்துக்குள் ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். 'டொமிசைல்' என்ற சொல். ஓட்டுரிமை கேட்கிறவனுக்கு அது இலங்கையில் இருக்க வேண்டும்.

இந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஒருவன் எங்கே நிலையாக வேர்விட்டிருக்கிறான், கடைசிவரை எங்கே இருக்க நினைக்கிறான் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். பெயர் பதிகிற விசாரணைக்கு முதல்நாள் நான் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். 'ஸ்திர வாசஸ்தலம்' என்று எழுதி அடித்தேன். 'நிரந்தரக் குடியிருப்பு' என்று எழுதி அதையும் அடித்தேன். தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கும் கடைக்காரர்களுக்கும் இது எங்கே விளங்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, எளிய தமிழில் ஒரு கேள்வி செய்தேன்.

'சொந்த ஊர் எது?'

இதைவிட நல்ல தமிழ் உண்டா என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

தமிழனிடம் சொந்த ஊரைக் கேட்டால் அவன் இருக்கிற ஊரைச் சொல்லமாட்டான். அப்பனுக்கு அப்பன் எங்கேயிருந்து புறப்பட்டானோ, குலசாமி எங்கே இருக்கிறதோ, அதைச் சொல்வான். அந்த ஊரை அவன் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஊர் பேர் தெரியாதவன் என்பது எங்கள் பாஷையில் ஒரு வசவு. சபையில் நின்று எனக்கு ஊர் இல்லை என்று யார் சொல்வார்கள்?

அன்று காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். துறையூர் என்றார்கள், நாமக்கல் என்றார்கள், பெரம்பலூர் என்றார்கள். துரை கோடு போட்டுக்கொண்டே போனார். நாலைந்து பேருக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் கேள்வியை மாற்றவில்லை.

ஏன் மாற்றவில்லை? துரைக்கு முன்னால், ஐயா, நான் இவ்வளவு நேரமும் தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிவரும் என்ற பயம் ஒன்று. வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். இவர்கள் இந்தியாக்காரர்கள்தானே என்ற நினைப்பு எனக்குள்ளும் இருந்தது. இருந்ததால்தான் கேள்வி அப்படி வந்தது.

பிறகு சந்தானம் வந்து நின்றார்.

"சொந்த ஊர் எது?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "திருச்சினாப்பள்ளி ஜில்லாங்க, முசிறி."

துரை அடுத்த கேள்வியைக் கேட்டார். திரும்பிப் போகிற எண்ணம் உண்டா என்று நான் கேட்டேன்.

"ஒரு தடவ போவணுங்க. கொலசாமிக்குப் பொங்க வைக்கணும். அப்பா இருக்கறப்பவே நேந்துக்கிட்டது."

போகிற எண்ணம் இருக்கிறது என்று துரையிடம் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. பிறப்பைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்திருந்த காசிம் நானா கதவோரம் குடையோடு நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

கொடி தைத்தவர்

அப்போதைய தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். எழுத்துத் தெரியாத சனங்கள் நிறத்தைப் பார்த்துப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். ஆகவே ஊரெல்லாம் நிறக்கொடி. கண்டியில் பச்சைக் கொடியும் மஞ்சள் கொடியும் தைத்தது யாரென்று நினைக்கிறீர்கள்? சந்தானம்தான். பகலெல்லாம் மெஷின் ஓடியது. துணி நானாவின் கடையிலிருந்து வந்தது.

இதே காலத்தில் எங்கள் வடக்கில் இளைஞர்கள் கூடி, பூரண சுதந்திரம் தராத இந்தச் சட்டசபை எங்களுக்கு வேண்டாம் என்று தேர்தலையே ஒதுக்கிவைத்தார்கள். ஊரிலிருந்து வந்த தம்பியின் கடிதத்தில் அதைப் பற்றி ஒரே பெருமை. நான் அதைக் கடையில் வாசித்துக் காட்டினேன்.

சந்தானம் பச்சைத் துணியின் ஓரத்தை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "வேணாம்னு சொல்றதுக்கும் ஒரு யோகம் வேணும்ல ஐயா," என்றார். நான் கடிதத்தை மடித்து வைத்தேன்.

தேர்தலன்று நானா ஓட்டுப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். கதிரையில் உட்காராமல் என்னைப் பார்த்து நின்றார்.

"கிளாக்கர் மாத்தயா, ஒங்கட ஊர் எது?"

"சங்கானை," என்றேன். யோசிக்கவே இல்லை.

"கண்டிக்கு வந்து எத்தின வருஷம்?"

"பதினைஞ்சுக்குக் கிட்ட."

"ஒங்கட பேரு கண்டி லிஸ்டில ஈக்கிதா?"

"ஓம், இருக்குது."

"அப்ப நீங்களும் வெளியூரில ஈந்து வந்தவர்தான். அவர் இங்கயே பொறந்தவர். ஒங்கள்ட அந்தக் கேள்விய ஆரும் கேக்கல்லயா?"

சந்தானம்தான் குறுக்கே வந்தார். "விடுங்க நானா. ஐயா என்ன செய்வாரு, தொர கேட்டத அவரு கேட்டாரு." துரை அப்படிக் கேட்கவில்லை என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும்.

என் கையெழுத்து

நாலைந்து வருஷத்தில் அடுத்த தேர்தல் வந்தது. அதற்குள் என்னைக் கந்தோரிலேயே வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். பெயரைப் பதிய இன்னொரு தடவை விசாரணை என்று தெரிந்ததும் நானே கடைக்குப் போனேன்.

"இந்த முறை கேட்டால் கண்டி எண்டு சொல்லும். வேற ஒண்டும் சொல்ல வேண்டாம்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஊர மாத்திச் சொல்றதுங்களா? அப்பன் பேர மாத்திச் சொன்னாப்ல ஆயிருமே."

அன்றுதான் உண்மையைச் சொன்னேன். துரை கேட்டது வேறு, நான் கேட்டது வேறு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒரு பொத்தானைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்தும் நூலை அறுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வேணும்னு செய்யலைங்களே," என்றார்.

இல்லை என்றேன். அது முழுப் பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை.

சாம்பல் நிறக் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு போனார். அன்று மேசையில் இருந்தவர் வேறொருவர். சொந்த ஊர் கண்டி என்று சந்தானம் சொன்னார். அந்த மனிதர் அலுமாரியைத் திறந்து பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அதில், என் கையெழுத்தில், மணி மணியாக எழுதியிருந்தது. ஊர் முசிறி. திரும்பிப் போகும் எண்ணம் உண்டு. என் எழுத்து அழகென்று எல்லாரும் சொல்வார்கள். ஓர் எழுத்துக்கூட மங்கியிருக்கவில்லை.

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யான்னு கேட்டாருங்க," என்று சந்தானம் வந்து சொன்னார். "ரெண்டும் நெசந்தாங்கன்னேன். அவருக்குப் புரியல."

அந்தத் தேர்தலுக்கும் அவர்தான் கொடி தைத்தார்.

வெளியே நிற்கிறவன்

செக்கோஸ்லோவாக்கியாவைப் பங்கு போட நாலு பெரிய தேசத்தார் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். சமாதானம் வந்துவிட்டது என்று இலண்டனில் கைதட்டினார்கள். எங்கள் கந்தோரில்கூடத் தட்டினார்கள். எந்த நாட்டை வெட்டினார்களோ அந்த நாட்டுக்காரனுக்கு அந்த மேசையில் கதிரை போடவில்லை. வெளியே காத்திருக்கச் சொல்லி, வெட்டி முடித்த பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"செக்கு நாடு செக்குல மாட்டிக்கிச்சு," என்றார் சந்தானம். எப்போதும் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை.

அதே நாட்களில் இங்கே இருக்கிற இந்தியர்களை என்ன செய்வது என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. இந்த அரசாங்கம் ஒரு கடிதம் எழுதும், அந்த அரசாங்கம் ஒரு பதில் எழுதும். கொழும்பில் விருந்து நடக்கும், படம் பிடிப்பார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து இன்றுவரை முடியவில்லை. இந்த வாரப் பத்திரிகையிலும் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் நல்ல கோட்டுப் போட்ட மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசப்படுகிறவன் வெளியே நிற்கிறான். இராஜதந்திரம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு வேறு பெயர் வாயில் வருகிறது, ஆசிரியர் போடமாட்டார்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் சந்தானம் நேர்த்திக்கடனை முடித்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். மூன்றே மாதம் என்றார். கடைச் சாவியை நானாவிடம் கொடுத்தார். பாதி தைத்த ஒரு கோட்டு மேசையிலேயே கிடந்தது. ஸ்டேஷனில் கோச்சியில் ஏறும்போது, மழைக்கு யன்னலைச் சாத்தி வையுங்க, மெஷின் துரு ஏறிரும் என்று இரண்டு தடவை சொன்னார்.

முசிறியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய எழுத்து தையலைப் போலவே நேராக இருக்கும்.

'பொங்கல் வைத்தாயிற்று ஐயா. அப்பா சொன்ன புளியமரம் இல்லை. கோயில் இருக்கிறது. இங்கே என்னை ஒருவருக்கும் தெரியவில்லை. கண்டிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோயிலில் ஒரு பெரியவர், எந்த ஊர் தம்பி என்று கேட்டார். நான் கண்டி என்றேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததால் இல்லை, ஐயா. தானாக வந்துவிட்டது. இதைப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.'

அந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே காய்ச்சல் கண்டு அவர் அங்கே இறந்துபோனார் என்ற செய்தியும் வந்தது. வீதியில் எல்லாரும் வருத்தப்பட்டார்கள். என்ன இருந்தாலும் சொந்த ஊரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், கொடுத்துவைத்தவர் என்று பேசிக்கொண்டார்கள். கந்தோரில் ஒருவர் அதை என்னிடமே வந்து சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அவர் எழுதச் சொன்ன புத்தகம் அப்போது என் கையில் இல்லை. வேறு பகுதியின் அலுமாரிக்குள், பூட்டுக்குள் இருந்தது. கேட்டு வாங்கித் திருத்துகிற துணிச்சலும் எனக்கு வரவில்லை. இந்தப் பக்கம் என் கையில் இருக்கிறது. இதில் எழுதிவிடுகிறேன்.

பெயர் சந்தானம். தொழில் தையல். சொந்த ஊர் கண்டி. திரும்பி வரும் எண்ணம் இருந்தது.